செம்மண் தறையும் வீட்டு வளவும்

(உரும்பிராயில் கூடிய ஊர்ப் பொதுக்கூட்டத்தில் வழக்கறிஞர் ஒருவர் ஆற்றிய உரை)



வீட்டு நிலங்களாகப் பிரித்து விற்கப்படும் தோட்டக் காணிகளைப் பற்றிச் சட்டம் என்ன சொல்கிறதென்று விளக்குமாறு என்னைப் பணித்திருக்கிறீர்கள். சட்டத்துக்குப் பின்னர் வருகிறேன். அதற்கு முன்னர், என் அலுவலகத்துக்கு வந்த ஒருவரின் கதையைச் சொல்லவேண்டும். அவர் இவ்வூரவர் அல்லர், அயலூரவர். பெயர் வேண்டாம்.

அவர் ஓய்வு பெற்ற ஆசிரியர். வெளிநாட்டிலுள்ள தம்பி அனுப்பிய பணத்தையும் தாம் ஓய்வு பெற்றபோது கிடைத்த பணத்தையும் சேர்த்து ஒன்றரைப் பரப்புத் தறை வாங்கினார். முந்திய ஆண்டுவரை வெங்காயம் நட்ட தறை அது. உறுதி நல்லுறுதி. நில அளவையாளரின் வரைபடம் ஒழுங்கானது. பிரதேச சபையின் அனுமதியும் உண்டு. கிணறு வெட்டினார், நல்ல தண்ணீர் கண்டது. வீடு எழுந்துகொண்டிருக்கையில், மதிலுக்கு அப்பால், தம் கிணற்றுக்குப் பன்னிரண்டு அடி தூரத்தில், அயல் வளவின் மலகூடக் குழி இருக்கக் கண்டார். “அப்புக்காத்து ஐயா, வழக்கு வைக்கலாமோ?” என்று கேட்டார். இரண்டு வரைபடங்களையும் மேசைமீது விரித்துப் பார்த்தேன். அயலவரின் வீடு முந்தியது, குழியும் முந்தியது, தம் எல்லைக்குள்ளேயே அவர் அதனை வெட்டியிருக்கிறார். அவருடைய கிணறு மற்றப் பக்கத்தில் இருக்கிறது. அந்தக் கிணற்றுக்கு அருகே மூன்றாமவர் ஒருவரின் குழி. நான் வழக்கு வைத்தால், எதிராளியும் நாளை வழக்காளியாகி இன்னொருவர்மீது வழக்கு வைக்கவேண்டியவரே. ஆசிரியரிடம் கட்டணம் வாங்காமல் அனுப்பினேன். இன்று அவர் குடிதண்ணீரைப் போத்தலில் வாங்குகிறார்.

இது ஒருவருடைய தவறா? எனக்கு அப்படித் தோன்றவில்லை. கணக்கைப் பார்ப்போம். பத்துப் பேர்ச் ஒரு பரப்பு. பதினாறு பரப்பு ஓர் ஏக்கர் என்பது உங்களுக்கு நான் சொல்லித் தெரியவேண்டியதன்று. சதுர அடியில் ஒரு பரப்பு 2,722. அதனைச் சதுரமாக அளந்தால் பக்கமொன்று 52 அடி. கிணற்றுக்கும் குழிக்கும் இடையே ஐம்பது அடியாவது வேண்டுமென்று நம்மூர்களிற் பொதுவாகச் சொல்லுவார்கள். ஒரு பரப்பு வளவிலே ஒரு மூலையிற் கிணறும் எதிர் மூலையிற் குழியும் வைத்தால், நடுவே வீட்டைக் கட்டிக்கொண்டு, அந்த அளவை ஒருவாறு காப்பாற்றலாம். ஆனால் சுற்றியுள்ள நான்கு வளவுக்காரரும் தத்தம் குழியை எந்த மூலையில் வைப்பார்கள்? அதனை நிச்சயிக்க எந்த வரைபடமும் இல்லை. ஓர் ஏக்கர்த் தறையை ஒரு பரப்புத் துண்டுகளாகப் பிரித்து, பாதைக்கு இரண்டு பரப்பை விட்டால் பதினான்கு துண்டுகள். பதினான்கு கிணறு, பதினான்கு குழி. முன்னர் அந்த ஏக்கருக்குக் கிணறு ஒன்று, குழி ஒன்றுமில்லை.

பலாலி வீதி வழியே யாழ்ப்பாணத்திலிருந்து வருவோர் திருநெல்வேலியும் கோண்டாவிலும் எப்படி மாறிவிட்டன என்று அறிவர். ஒரு காலத்தில் அங்கும் புகையிலையும் மரக்கறியும் நின்ற தறைகள் இருந்தன. பட்டணம் வடக்கு நோக்கி வருகிறது. இனி நம்முடைய முறை. காணி விற்பனைக்கு என்னும் பலகையைத் தோட்டத்து வேலியிற் காணும்போது, என் போன்ற சட்டத்தரணிகளுக்கும் நொத்தாரிசுமாருக்கும் வருமானம் என்பதை மறைக்காமற் சொல்லிவிடுகிறேன். நானும் அத்தகைய உறுதிகளை எழுதுவித்தவனே. ஆகவே குற்றம் சாட்டும் தகுதியோடு இங்கு நிற்கவில்லை.

நம் காலடியில் உள்ளது என்ன என்பதை முதலில் உணரவேண்டும். யாழ்ப்பாணக் குடாநாட்டில் வற்றாத ஆறு ஒன்றேனும் இல்லை. வழுக்கையாறு மாரியில் மாத்திரம் ஓடுவது. ஐப்பசி, கார்த்திகை, மார்கழி மாதங்களிற் பெய்யும் மழையே நமது முழு ஆண்டுச் செல்வம். அம்மழை செம்மண்ணுக்குள் இறங்கி, அதன் கீழுள்ள சுண்ணாம்புக் கல்லின் வெடிப்புகளிலும் குகைகளிலும் நிறைகின்றது. புத்தூர் நிலாவரையைப் பார்த்தவர்களுக்கு இதற்கு வேறு சான்று வேண்டியதில்லை. நன்னீர் கனங்குறைந்தது ஆதலால், உள்ளே புகுந்துள்ள கடல்நீரின்மீது அது மிதந்து நிற்கின்றது. கடல் மட்டத்துக்கு மேல் நிற்கும் நன்னீர் ஓர் அடி தாழ்ந்தால், கீழிருந்து உப்புநீர் ஏறத்தாழ நாற்பது அடி மேலெழக்கூடும் என்பது நிலவியலாளரின் கணக்கு. வலிகாமம் முழுவதற்கும் சுன்னாகத்தை நடுவாகக் கொண்ட இந்த ஒரே நீர்ப்படையே ஆதாரம். உரும்பிராய்க் கிணறு, இணுவிற் கிணறு, கோப்பாய்க் கிணறு என்று நாம் பேர் வைத்திருக்கிறோமே தவிர, நீருக்கு அந்த எல்லை தெரியாது.

களிமண் உள்ள நாட்டிலே ஐம்பது அடி என்பது ஒரு காவல். அழுக்கு மெல்ல ஊறிச் செல்லும்போது மண் அதனை வடிக்கும். வெடிப்பு நிறைந்த கல்லிலே ஐம்பது அடியும் ஐந்நூறு அடியும் வெடிப்பின் போக்கைப் பொறுத்தவை.

உலக சுகாதார நிறுவனம் குடிநீரில் நைத்திரேற்று ஒரு லீற்றருக்கு 50 மில்லிகிராமுக்கு மேற்படலாகாது என்று வரையறுத்திருக்கிறது. கைக்குழந்தையின் குருதி உயிர்க்காற்றைச் சுமக்கும் வலியை இழப்பது இந்த நஞ்சால் வரும் கேடு. வலிகாமத்துக் கிணறுகள் பலவற்றில் இந்த அளவு மீறியிருப்பதை 1980களிலிருந்தே ஆய்வாளர்கள் எடுத்துக்காட்டி வருகின்றனர். காரணம் இரண்டு என்று அவர்கள் சொல்லுகிறார்கள். ஒன்று மலகூடக் குழி. மற்றது நாம் வெங்காயத்துக்கும் உருளைக்கிழங்குக்கும் அள்ளிக் கொட்டும் யூரியா. கமக்காரப் பெருமக்கள் கோபிக்கக்கூடாது. வீடு கட்ட வருகின்றவனைப் பார்த்து ‘எங்கள் நீரைக் கெடுக்கிறாய்’ என்று சொல்லுமுன், நம் கையிலுள்ள உரப்பையையும் பார்த்துக்கொள்ளவேண்டியவர்களாயிருக்கிறோம். நீதிமன்றத்துக்குச் செல்பவர் சுத்தமான கையோடு செல்லவேண்டும் என்பது சட்டத்தின் பழைய கோட்பாடு.

என் தாயாரின் சீதன உறுதியை அண்மையில் எடுத்துப் பார்த்தேன். காணியின் பேர், பரப்பு, நான்கெல்லை ஆகியவற்றை எழுதி, அதன்பின் கிணற்றில் எட்டிலொரு பங்கும் வழிவாய்க்கால் உரித்தும் என்று எழுதியிருக்கிறது. உங்கள் ஒவ்வொருவருடைய உறுதியிலும் இத்தகைய வாசகம் இருக்கும். இதனை எழுதிய நொத்தாரிசு ஒரு சடங்குக்காக எழுதவில்லை. பங்குக் கிணற்றில் யாருக்கு எந்த நாள் முறை, எவ்வளவு நேரம் இறைப்பு என்பதை வைத்துத்தான் அக்காலத்துக் கமம் நடந்தது. துலா மிதித்தவர்கள் இங்கே இன்னும் சிலர் இருக்கிறீர்கள். முறை தவறினால் சண்டை, சண்டை வந்தால் பிரக்கிராசியிடம் ஓட்டம், அதனையும் மறக்கவேண்டாம். ஆனாலும் ஒரு கிணற்றுக்கு எட்டுப் பேர் பொறுப்பாளிகளாக இருந்தார்கள். தறை துண்டு துண்டாக விற்கப்படும்போது முதலில் அழிவது அந்தப் பொறுப்பு. பழைய கிணறு மண்போட்டு மூடப்படும்; இல்லையேல் பாதை ஓரத்தில் யாருக்கும் உரியதல்லாமற் குப்பைக் கிடங்காகும். புதிய உறுதியில் கிணற்றுப் பங்கு என்ற வாசகமே வராது.

இனிச் சட்டத்துக்கு வருகிறேன்.

1706-1707ஆம் ஆண்டுகளில் ஒல்லாந்தர் காலத்திலே கிளாஸ் ஐசாக்ஸ் என்னும் திசாவையால் தொகுக்கப்பெற்று, 1806இல் ஆங்கிலேயர் உறுதிசெய்த தேசவழமையிலே, ஒரு பங்காளி தன் பங்கை விற்குமுன் மற்றப் பங்காளிக்கும் உரித்தாளருக்கும் முதலில் அறிவிக்கவேண்டும் என்னும் விதி உண்டு. 1947ஆம் ஆண்டின் 59ஆம் இலக்கச் சட்டம் அந்த முதலுரிமையை ஒழுங்குபடுத்தியது. முன்னோர் அயலான் யார் என்பதில் அக்கறை கொண்டிருந்தனர் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா? இன்று அந்த உரிமை பெரும்பாலும் ஏட்டளவில் நிற்கிறது. பங்காளி ரொறன்ரோவில், உரித்தாளர் இலண்டனில். அறிவித்தல் போனாலும், ‘வித்துப்போட்டு என்ரை பங்கை அனுப்பு’ என்றுதான் மறுமொழி வரும்.

நெற்காணியை நிரப்புவதற்கும் வேறு தேவைக்குப் பயன்படுத்துவதற்கும் 2000ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கக் கமநல அபிவிருத்திச் சட்டம் தடை விதிக்கிறது. ஆணையாளர் நாயகத்தின் எழுத்துமூல அனுமதி வேண்டும். அதற்கு ஒத்த காவல் செம்மண் தோட்டத்தறைக்கு இல்லை. நாட்டின் சட்டம் நெல்லை மனத்தில் வைத்து எழுதப்பட்டது. வெங்காயத்தை எவரும் நினைக்கவில்லை. சுற்றாடல் பாதிப்பை மதிப்பிட்டுப் பொதுமக்களின் கருத்தைக் கேட்டபின்னரே அனுமதி வழங்கப்படவேண்டிய திட்டங்களை 1993ஆம் ஆண்டு வர்த்தமானி பட்டியலிட்டது. அதில் வீடமைப்பும் உண்டு. எத்தனை வீடுகளுக்கு மேற்பட்டால் என்று நினைக்கிறீர்கள்? ஆயிரம் வீடுகளுக்கு மேற்பட்டால்! ஒரே நாளில் ஒருவர் ஆயிரம் வீடு கட்டினால் கேள்வி உண்டு. எழுபது பேர் எழுபது ஏக்கரை ஆளுக்குப் பதினான்காகப் பிரித்து ஏறத்தாழ ஆயிரம் வீடுகளை எழுப்பினால் கேள்வி இல்லை. கேடு சிறு சிறு துண்டுகளாக வரும்போது சட்டத்தின் கண்ணுக்குத் தெரிவதில்லை.

சுன்னாகத்தில் நடந்ததை இதனோடு ஒப்பிட்டுப் பாருங்கள். அங்கே மின்னுற்பத்தி நிலையத்திலிருந்து எண்ணெய் கசிந்து கிணறுகள் கெட்டன. மக்கள் கிணற்றுநீரைப் போத்தலில் எடுத்துக்கொண்டு வீதிக்கு வந்தார்கள். 2015இல் அடிப்படை உரிமை வழக்குத் தொடரப்பட்டு, 2019ஆம் ஆண்டு ஏப்ரல் 4ஆம் நாள் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மாசுபடுத்தியவரே பொறுப்பு என்னும் கோட்பாட்டின்படி, அந்த மின் நிறுவனம் பாதிக்கப்பட்ட மக்களுக்கு இரண்டு கோடி ரூபாய் இழப்பீடு செலுத்தவேண்டுமென்று கட்டளையிட்டது. அது நமக்குப் பெருமைக்குரிய தீர்ப்பு. ஆனால் அங்கு எதிராளியாக ஒரு நிறுவனம் இருந்தது. நாளை உரும்பிராய்க் கிணறுகள் கெட்டால் யாரைக் கூண்டில் ஏற்றுவது? ஆயிரம் எதிராளிகள், அவர்களே ஆயிரம் வழக்காளிகள். அப்படிப்பட்ட வழக்கை விசாரிக்க எந்த நீதிமன்றமும் இல்லை.

அப்படியானால் வீடே கட்டவேண்டாம் என்கிறாயோ என்று கேட்பீர்கள். இல்லை. இவ்விடயத்தில் நம்முள் சிலர் பேசும் பேச்சு எனக்கு வருத்தம் தருகிறது. ‘வெளியார் வந்து ஊரைக் கெடுக்கிறார்கள்’ என்கிறார்கள். யார் வெளியார்? 1990இல் வலிகாமம் வடக்கிலிருந்து உடுத்த துணியோடு துரத்தப்பட்டவர்கள் உரும்பிராயிலும் கோண்டாவிலிலும் வாடகை வீடுகளிலும் உறவினர் வளவுகளிலும் முதுமை எய்தினார்கள். அவர்கள் காணியின்மீது இராணுவம் இருந்தது. ஒரு பகுதி விடுபட்டது; அதற்கும் எத்தனை ஆண்டுகள் சென்றன! தன் செம்மண்ணுக்குத் திரும்ப முடியாதவன், பிள்ளையின் திருமணத்துக்கு இரண்டு பரப்பு வாங்கினால் அவன் குற்றவாளியா? 1981ஆம் ஆண்டுக் குடிசனக் கணக்கிலே யாழ்ப்பாண மாவட்டத்து மக்கள் ஏழு இலட்சத்து முப்பத்தெட்டாயிரம் அளவினர். 2012இல் ஐந்து இலட்சத்து எண்பத்து மூவாயிரம் அளவினர். மக்கள் தொகை குறைந்திருக்க, வீட்டு நிலத்துக்கு நெருக்கடி மிகுந்தது ஏன்? தீவுகள் வெறுமையாயின, வடக்குக் கரை அடைபட்டது, எஞ்சியோர் நல்ல தண்ணீரும் நல்ல வீதியும் நல்ல பள்ளிக்கூடமும் உள்ள இடங்களில் நெருங்கினார்கள். நிலம் பறிபோனதன் மறுபக்கமே இந்த நெருக்கடி. அதனை அயலவன்மீது கோபமாக மாற்றுவது அரசியல் அறியாமை.

வீடு வேண்டும் என்பதும், எத்தகைய வீடு என்று கேட்பதும் ஒன்றுக்கொன்று பகையல்ல என்பதை நம் மக்களே முன்னர் காட்டியிருக்கிறார்கள். 2015, 2016ஆம் ஆண்டுகளில் போரால் வீடிழந்தோருக்கு 65,000 உருக்கு வீடுகளை ஒரு பன்னாட்டு நிறுவனத்தின் மூலம் பொருத்தித் தரப்போவதாகக் கொழும்பு அரசாங்கம் திட்டமிட்டது. ஒரு வீட்டின் விலை இருபத்தொரு இலட்சம் ரூபாயளவு. அதற்கு முன்னர் இந்திய உதவித் திட்டத்தில், வீட்டுக்காரரே நின்று கல்லும் சீமந்தும் கொண்டு கட்டுவதற்கு வழங்கப்பட்ட தொகை ஐந்தரை இலட்சம். வீடில்லாத மக்கள் ‘கிடைப்பதை வாங்கிக்கொள்’ என்னும் பேச்சுக்குச் செவிகொடுத்திருக்கலாம். ஆனால் பொறியியலாளர் அத்திவாரத்தைக் கேட்டனர்; பொருளியலாளர் விலையைக் கேட்டனர்; தாய்மார் இந்த வெக்கைக்கு உருக்குச் சுவருக்குள் எப்படிச் சமைப்பது, பிள்ளை பெருகினால் ஓர் அறையை எப்படிக் கூட்டிக் கட்டுவது என்று கேட்டனர். திட்டம் எண்ணியவாறு நிறைவேறவில்லை. கேள்வி கேட்டதனால் வீட்டுரிமையை எவரும் இழந்துவிடவுமில்லை.

குழாய்த் தண்ணீர் வருகிறதே, பின் ஏன் கிணற்றைப் பற்றிக் கவலை என்று படித்தவர்கள் சிலர் சொல்லுகிறார்கள். மருதங்கேணிப் பக்கம் தாளையடியிலே கடல்நீரை நன்னீராக்கும் நிலையம் 2024ஆம் ஆண்டு ஆகஸ்ட் 2ஆம் நாள் திறந்துவைக்கப்பட்டது. நாளொன்றுக்கு 24,000 கனமீற்றர் நீர் தரவல்லது. நல்லது, வரவேற்கிறேன். இரணைமடு நீரைக் கேட்டுக் கிளிநொச்சிக் கமக்காரரோடு மனத்தாங்கல் கொண்ட காலத்தையும் அது முடித்து வைக்கட்டும். ஆனால் அந்த நீர் அடுக்களைக்கு வரும். வெங்காயப் பாத்திக்கு வராது. மின்சாரச் செலவு செய்து உப்பகற்றிய நீரை எந்தக் கமக்காரன் பயிருக்கு இறைப்பான்? குழாய் நீர் நிறைய வரும் வீட்டிலிருந்து கழிவுநீரும் நிறைய வெளியேறும். அது சென்று சேரும் இடம் அதே சுண்ணாம்புக் கல்.

நாம் செய்யக்கூடியது என்ன? இந்த வார இதழின் வாசகர்களுக்குக் காணி அதிகாரம் என்றவுடன் கல்லோயா நினைவுக்கு வரும். 1957ஆம் ஆண்டு பண்டாரநாயக்கா – செல்வநாயகம் உடன்படிக்கை நினைவுக்கு வரும். பதின்மூன்றாம் திருத்தம் நினைவுக்கு வரும். காணி அதிகாரம் வேண்டுமென்று மேடைதோறும் நானும் முழங்கியிருக்கிறேன், இனியும் முழங்குவேன். அதே வேளையில் ஒரு கேள்வியை என் தோழர்களிடமும் கேட்கவேண்டியிருக்கிறது. 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டத்தின் கீழுள்ள பிரதேச சபையிடம் கட்டட வரைபடத்தை ஏற்கவும் திருப்பவும் அதிகாரம் உண்டு. அது கொழும்பிலே இல்லை; நம் வாக்கினாற் செல்லும் உறுப்பினரிடம் இருக்கிறது. 2023 மார்ச்சில் சபைகளின் காலம் முடிந்து, 2025 மே 6ஆம் நாள் தேர்தல் வரும்வரை இரண்டு ஆண்டுகளுக்கு மேலாக உறுப்பினரே இல்லாமல் நிர்வாகம் நடந்தது. அந்தக் காலத்தில் எத்தனை தறைப் பிரிப்புகள் அனுமதி பெற்றன என்று இவ்வூரில் எவராவது கேட்டோமா? நான் கேட்கவில்லை. அரைமைல் தூரத்திலுள்ள அதிகாரத்தைப் பயன்படுத்தாமல் இருநூற்றைம்பது மைல் தூரத்திலுள்ள அதிகாரத்தை மட்டும் கேட்டால், கேட்கின்றவர் நம்மை எப்படி மதிப்பார்?

கேட்பதற்கு வழி உண்டு. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் எவரும் ஒரு தாளில் எழுதிக் கேட்கலாம்; பதினான்கு வேலை நாட்களுக்குள் மறுமொழி தரப்படவேண்டும். வலிகாமம் கிழக்குப் பிரதேச சபையிடம் நாம் கோரவேண்டியது பெரிய காரியமன்று. ஒரு தறையைத் துண்டாக்கும் வரைபடம் அனுமதிக்கு வரும்போது, துண்டுகளின் எல்லையோடு கிணறு எங்கே, குழி எங்கே என்பதும் அதிலேயே குறிக்கப்படவேண்டும். சுற்றியுள்ள வளவுகளின் கிணறும் குழியும் அதே தாளில் இருக்கவேண்டும். அடிப்பக்கம் திறந்த குழிக்குப் பதிலாக நீர் கசியாத தொட்டி கட்டவேண்டும். நான்கு ஐந்து வளவுகளுக்கு ஒன்றாகக் கட்டினால் செலவும் குறையும். பழைய பங்குக் கிணற்றை மூடக்கூடாது; துண்டு வாங்குவோருக்கு அதிற் பங்கு எழுதிக் கொடுக்கவேண்டும். மழைவெள்ளம் குளத்துக்கும் கேணிக்கும் செல்லும் வாய்க்காலைப் பாதைக்காக அடைக்கக்கூடாது. அந்த வெள்ளம் நிலத்துக்குள் இறங்காவிட்டால் பின் இறைப்பதற்கு எதுவும் இராது. விற்பவருக்கு இதனால் ஒரு துண்டு குறையலாம். காணி விற்றுப் பிள்ளையை வெளிநாடு அனுப்ப நினைக்கும் கமக்காரனுக்கு அதுவும் இழப்பே. வெங்காயத்துக்கு விலை இல்லாத ஆண்டில் தறையை விற்காதே என்று அவனுக்குப் புத்தி சொல்ல எனக்கு வாய் இல்லை. விற்கட்டும், ஆனால் கிணற்றையும் வாய்க்காலையும் விட்டுவைத்து விற்கட்டும்.

சபை இவற்றைத் தன் தீர்மானமாக எடுப்பதற்கு முன்னர், நாம் ஒரு வேலை செய்யவேண்டும். இவ்வூரில் எத்தனை கிணறுகள், அவற்றுள் எத்தனை பங்குக் கிணறுகள், எவை மூடப்பட்டன, எவற்றின் நீர் உவர்த்தது என்னும் கணக்கு ஒருவரிடமும் முழுமையாக இல்லை. வெறுங்கையோடு சென்றால் உறுப்பினர் நம்மைத் தேநீர் கொடுத்து அனுப்பிவிடுவார். ஆகவே வருகிற ஞாயிற்றுக்கிழமை காலை, உறுதி வைத்திருப்போர் அதன் பிரதியொன்றைக் கொண்டு இவ்விடத்துக்கு வாருங்கள். கிணற்றுப் பங்கு எழுதப்பட்ட பக்கம் போதும். விலை எழுதப்பட்ட பக்கத்தைக் காட்டவேண்டியதில்லை. நில அளவை படித்த இளைஞர் இருவர் உதவுவதாகச் சொல்லியிருக்கிறார்கள். முதியவர்கள் வந்தால் மூடிய கிணறுகளின் இடத்தைக் காட்டலாம். ஊர் வரைபடத்தின் பெரிய தாளொன்றை நான் கொண்டுவருகிறேன்.